பதினான்கு ஜாயிண்ட்

அந்தப் பைப் பட்டறையில் அவருக்கு எக்ஸ்ரே என்று பெயர். அவர் கையாளும் கருவிக்கும் எக்ஸ்ரேவுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது சத்தத்தை வைத்து வேலை செய்வது. வந்த புதிதில் ஆளாளுக்குத் திருத்திப் பார்த்தார். "எக்ஸ்ரே இல்லய்யா, அல்ட்ராசவுண்ட்." "சரிங்க எக்ஸ்ரே சார்" என்று பதில் வந்தது. பிறகு திருத்துவதை விட்டுவிட்டார். ஆனால் மனதில் வைத்துக்கொண்டார். மனதில் வைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச அந்தப் பட்டறையில் ஆள் இல்லை.

வேலை என்னவோ நுணுக்கமானதுதான். இரண்டு பைப்பை வெல்டர் ஒட்டிவிட்டுப் போனதும் எக்ஸ்ரே வருவார். விரல் நீளத்தில் ஒரு ப்ரோப். ஜெல் தடவி ஜாயிண்டுக்குப் பக்கத்தில் வைப்பார். அதற்குள் அறுபத்து நான்கு சில்லுகள். காதுக்கு எட்டாத சத்தத்தை ஒவ்வொன்றாகப் போடும். ஒன்று போடும்போது மற்றதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே போன சத்தம் பட்ட இடத்திலெல்லாம் சிதறித் திரும்பும். சிதறி வந்ததை எல்லாம் பொறுக்கி, 'உள்ளே என்ன இருந்தால் சத்தம் இப்படித் திரும்பும்?' என்று கம்ப்யூட்டர் பின்னோக்கிக் கணக்குப் போடும். ஒரு படம் போட்டுப் பார்க்கும். அந்தப் படம் நிஜமானால் எப்படிச் சத்தம் வந்திருக்கும் என்று கணக்குப் பார்த்து, வந்த சத்தத்தோடு ஒத்துப் பார்க்கும். ஒத்துவரவில்லையென்றால் படத்தைக் கொஞ்சம் திருத்தும், மறுபடி ஒத்துப் பார்க்கும். ஜாயிண்டுக்குப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

சமையல்கட்டில் பாத்திரம் விழுந்தால், கூடத்தில் இருந்தபடியே எது விழுந்தது, எந்த மூலையில் விழுந்தது என்று சொல்லிவிடுகிறோம். நம் வீடாக இருந்தால் சரி. அடுத்தவர் வீட்டில் அப்படிச் சொன்னால் அசடு வழிய வேண்டியதுதான். இந்தக் கருவியும் அப்படித்தான். இது எந்த உலோகம், இதில் சத்தம் என்ன வேகத்தில் ஓடும் என்று அதற்கு முதலிலேயே சொல்ல வேண்டும். சொன்னதை நம்பும். தப்பாகச் சொன்னாலும் நம்பும், தப்பான படத்தையும் அதேபோலப் பளிச்சென்று போட்டுக் காட்டும்.

எக்ஸ்ரேவுக்குத் தன் கருவி மேல் இருந்த நம்பிக்கையில் பாதி கூட மனிதர்கள் மேல் கிடையாது. அப்பா போனபோது அவருக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்கு ஒன்பது. அம்மா அதற்கு முன்பே போயாகிவிட்டது. படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்த் தங்கையை ஆளாக்கினார். அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. சொல்லவும் அவர் விட்டதில்லை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, "நான் மட்டும் இல்லேன்னா நீ எங்க இருந்திருப்ப?" என்று கேட்டுவிடுவார். தனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஏதாவது ஒரு விரிசலோடு திரும்பி வந்தார். ஒருத்திக்குச் சிரித்தால் ஈறு தெரிகிறது, ஒருத்திக்கு நடையில் ஒரு இழுப்பு. கடைசியில் பெண் வீட்டுக்காரர்கள் அவரிடம் விரிசல் பார்க்க ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு அடியோடு நின்றது.

பட்டறைக் கேன்டீன் சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று, மத்தியானச் சாப்பாட்டைத் தங்கையைக் கொண்டு வரச் சொன்னவரும் அவரே. அவளும் தினமும் கொண்டு வந்தாள். கொண்டு வந்த இடத்தில் ஒரு வெல்டரைப் பார்த்தாள். அவனுக்குப் பட்டறையில் நூல் என்று பெயர். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும் அவன் போட்ட வெல்டிங். அதிகம் பேச மாட்டான். ஆறு மாதம் கழித்து ஒருநாள், எக்ஸ்ரே வங்கியில் வேலை பார்க்கும் ஒருவனைப் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது, "அண்ணா, எனக்கு அவரைத்தான் பிடிச்சிருக்கு" என்றாள். எக்ஸ்ரே முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு வாரம் சாப்பிடவில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டார்; உண்மையில் கடையில் சாப்பிட்டார்.

கல்யாணம் நடந்தது. அப்பா கட்டிய வீட்டில் மாடி எக்ஸ்ரேவுக்கு, கீழ்த்தளம் அவர்களுக்கு. மூன்று வேளையும் தங்கை தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வருவாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். அவள் புருஷனைப் பற்றி ஏதாவது குத்தலாகச் சொல்லாமல் அவருக்கு ஒரு கவளம் இறங்காது. பட்டறையில் இன்னும் மோசம். "வாங்க மாப்ள, இன்னைக்கு எத்தனை ஓட்டை?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார். நூல் சிரித்துவிட்டு முகமூடியை இறக்கிக்கொள்வான். எட்டு வருஷம் அவன் போட்ட ஒவ்வொரு ஜாயிண்டையும் எக்ஸ்ரே துருவித் துருவிப் பார்த்தார். ஒன்று கூடச் சிக்கவில்லை. அதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரிந்தது.

நூல் காண்ட்ராக்ட் ஆள். வேலை இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. அப்படியே எட்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு ரசாயன ஆலைக்கு அமிலம் போகும் பைப் செய்யும் வேலை வந்தது. துருப்பிடிக்காத எஃகு, தடிமனான பைப், பதினான்கு வளைவு. ஒவ்வொரு வளைவையும் நேர்ப் பைப்போடு சேர்க்க ஒரு ஜாயிண்ட். மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "பதினாலையும் நூலே போடட்டும். பதினாலும் பாஸ் ஆச்சுன்னா அடுத்த மாசத்துலேருந்து அவன் பர்மனென்ட்."

அன்றைக்குத் தட்டோடு மாடிக்கு வந்த தங்கை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பரிமாறினாள்.

"அண்ணா, இந்த ஒரு தடவை கொஞ்சம் மனசு வெச்சுப் பாரு."

"மனசுக்கும் மிஷினுக்கும் என்னம்மா சம்பந்தம்? நல்லா போட்டிருந்தா நல்லா தெரியப்போகுது."

"அவர் நல்லாத்தான் போடுவார்."

"அப்ப எதுக்குக் கெஞ்சற?"

அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

இங்கே ஸ்டோர்க்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருவிக்கு வேகத்தைச் சொல்லித் தருவதற்கென்று உலோகக் கட்டைகள் உண்டு. எந்த உலோகத்தைச் சோதிக்கிறோமோ அதே உலோகக் கட்டையில் ப்ரோப்பை வைத்துப் பழக்கிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும். சாதா இரும்புக் கட்டை எக்ஸ்ரே மேஜையிலேயே இருந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கட்டை ஸ்டோரில். ஸ்டோர்க்காரருக்குக் கால் கொஞ்சம் ஊனம். இரண்டு வருஷம் முன்பு எதையோ கேட்டுக் காத்திருந்த எக்ஸ்ரே, "நீ போய் எடுத்துட்டு வர்றதுக்குள்ள இரும்பு துருப் பிடிச்சிடும்யா" என்று சொல்லி, சுற்றி நின்றவர்களைச் சிரிக்க வைத்தார். அன்றிலிருந்து எக்ஸ்ரே போனால் மட்டும் ஸ்டோரில் மூன்று சீட்டு எழுத வேண்டும், மேனேஜர் கையெழுத்து வேண்டும், அரைமணி நேரம் நிற்க வேண்டும். போய் நிற்பதற்கு எக்ஸ்ரேவுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. முப்பது வருஷ அனுபவம், கட்டை எதற்கு? மேஜையில் இருந்த இரும்புக் கட்டையில் வைத்துப் பழக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த எஃகில் சத்தம் அதைவிட நொடிக்கு இருநூறு மீட்டர் மெதுவாகப் போகும். அது அவருக்குத் தெரியாதா? தெரியும். பரீட்சையில் கேட்டால் தூக்கத்தில் எழுந்து சொல்வார்.

முதல் ஜாயிண்டின் படம் வந்தது. வளைவு இருக்கும் பக்கத்தில், வெல்டிங்குக்கும் பைப் சுவருக்கும் நடுவே, ஒரு கோடு. உருக்கிய உலோகம் சுவரோடு ஒட்டாமல் விட்டால் அப்படித்தான் கோடு விழும். எக்ஸ்ரே நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவதில் வைத்தார், கோடு. மூன்றாவது, கோடு. பதினான்கிலும் கோடு. அவருக்கு வந்தது சந்தோஷம்தான். வேறு பேரில் அதைச் சொல்ல முடியாது. எட்டு வருஷத்துக்குப் பிறகு சிக்கியிருக்கிறான். சந்தோஷத்தில் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு டிரம்மின் மேல் வைத்தார். "வாங்க, வாங்க, வேடிக்கை பாக்கக் காசு வேண்டாம்." கூட்டம் சேர்ந்தது. நூலும் வந்தான். "மாப்ள ஓரவஞ்சனையே பண்ணல. பதினாலுலயும் ஒரே மாதிரி ஓட்டை. ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் குறைச்சல்னு இல்ல."

கிரைண்டர் போடும் பெரியவர் திரையைக் குனிந்து பார்த்தார். "ஏன் சார், தப்பு இவ்வளவு ஒரே சீராவா வரும்? மனுஷன் கைதானே?"

"நீ தேய்க்கிற வேலையைப் பாருய்யா."

நூல் பக்கத்தில் வந்தான். "மச்சான், இன்னொரு தடவை வெச்சுப் பாருங்க. ரெண்டு சுவரும் உருகி சேர்றதை என் கண்ணால பாத்துக்கிட்டேதான் போட்டேன்."

"உன் ரெண்டு கண்ணு பெரிசா, என் அறுபத்து நாலு காது பெரிசா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க விரும்பாதவர்களும் சிரித்தார்கள். மேனேஜருக்கு ஆலைக்காரர்கள் கழுத்தைப் பிடிக்கும் அவசரம். பதினான்கையும் வெட்டி எறிந்துவிட்டு வேறு ஆளை வைத்துப் போடச் சொன்னார். வெட்டுவது யார் என்று கேட்டபோது எக்ஸ்ரே, "போட்டவரே வெட்டட்டும் சார், அப்பத்தான் மனசுல பதியும்" என்றார். நூல் இரண்டு நாள் உட்கார்ந்து தான் போட்டதைத் தானே வெட்டினான். வெட்டிய துண்டுகள் அந்த வாரமே பழைய இரும்பு லாரியில் ஏறிப் போய்விட்டன. மூன்றாவது நாள் அவனுடைய கேட் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பதினான்குக்குப் பதினான்கு ரிஜெக்ட் என்ற செய்தி அந்தச் சாலையில் இருந்த எல்லாப் பட்டறைக்கும் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "ஓ, அந்தப் பதினாலு நீங்கதானா?" என்றார்கள்.

புது வெல்டர் வந்தார். வெளியூர்க்காரர், கையில் ஏகப்பட்ட சான்றிதழ். அவர் நான்கு ஜாயிண்ட் போட்டதும் எக்ஸ்ரே ப்ரோப்பை வைத்தார். வளைவுப் பக்கத்தில் கோடு. நூலின் கோடு போல நேராக இல்லை, அங்கங்கே நெளிந்து, தடித்து, மெலிந்து போனது. ஆனால் இடம் அதே இடம். நான்கிலும் அதே இடம்.

எக்ஸ்ரே ப்ரோப்பைக் கீழே வைத்தார். நேராக ஸ்டோருக்குப் போனார். மூன்று சீட்டையும் முணுமுணுக்காமல் எழுதினார். "கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று வேறு கேட்டார். ஸ்டோர்க்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பதிவேட்டைப் புரட்டி, "இந்தக் கட்டையை நீங்க எடுத்து ஒன்றரை வருஷம் ஆச்சு சார்" என்றார். அந்தச் சொல்லின் கனம் சொன்னவருக்குத் தெரியாது.

சரியான கட்டையில் பழக்கிவிட்டு மறுபடி வைத்தார். கோடு இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்து ஜாயிண்டின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இருந்தால் அது குறையே இல்லை. வெல்டர் முதலில் போடும் ஓட்டத்துக்கு ரூட் என்று பெயர். அது பைப்பின் உள்பக்கம் லேசாகப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பில் பட்டுச் சத்தம் எப்போதும் திரும்பும். இருக்க வேண்டிய இடத்தில் இருந்தால் எவரும் அதைச் சட்டை செய்ய மாட்டார்கள். வேகத்தைத் தப்பாகச் சொன்னதால் கருவி அந்தப் புடைப்பைத் தூக்கிப் பக்கச் சுவரில் வைத்திருக்கிறது. மறுபக்கத்திலிருந்தும் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். அங்கே வளைவு, ப்ரோப் உட்காராது.

நூலின் ஜாயிண்டுகள் பழைய இரும்பாகப் போயிருந்தாலும், அவற்றிலிருந்து சிதறி வந்த சத்தம் அத்தனையும் லேப்டாப்பில் அப்படியே பதிந்து கிடந்தது. எக்ஸ்ரே அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வேகத்தைத் திருத்தி, ஒவ்வொன்றாக மறுபடி கணக்குப் போட விட்டார். மத்தியானம் முழுக்க ஆயிற்று. பதினான்கு ஜாயிண்டும் சுத்தம். சுத்தம் மட்டுமில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு ரூட்டை அவர் பார்த்ததில்லை. ஒரு இடத்தில் கூடக் கூடவில்லை, குறையவில்லை. கிரைண்டர்காரப் பெரியவருக்கு உறுத்திய அந்த ஒரே சீர், நூலின் கையில் இருந்த சீர்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அரைமணி நேரம் இருந்தது. பிறகு பயம் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும்? சான்றிதழ் போகும், வேலை போகும். அதைவிட, டிரம்மைச் சுற்றி நின்ற அதே கூட்டம் இவரைச் சுற்றி நிற்கும். ஸ்டோர்க்காரர் முதல் வரிசையில் நிற்பார். எக்ஸ்ரே புது வெல்டரின் நான்கு ஜாயிண்டுக்கும் பாஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, லேப்டாப்பை மூடி, வீட்டுக்குப் போனார். அந்தப் பதினான்கு பதிவுகளை அழித்துவிடத்தான் நினைத்தார். அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல வேலை அது.

நூல் தெரு முனையில் ஜன்னல் கம்பியும் கேட்டும் ஒட்டும் கடையில் சேர்ந்தான். ஒரு மாதம் கழித்து, ஒரு விடுமுறை நாள் காலையில் மாடிக்கு வந்தான். எட்டு வருஷத்தில் அவன் மாடி ஏறியது அதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மச்சான், கோவம் எதுவும் இல்ல. நான் எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சுக்கணும். அந்தப் படத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

லேப்டாப்பில் இரண்டு படமும் இருந்தன. எக்ஸ்ரே ஒரு நிமிடம் யோசித்தார் என்று சொல்லலாம். பிறகு பழைய படத்தைத் திறந்து காட்டினார்.

நூல் திரைக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து கோட்டையே பார்த்தான். "வளைவுப் பக்கச் சுவர்ல ஒட்டல," என்றான் மெதுவாக. "அப்ப நான் வெல்டிங் டார்ச்சை நேராப் பிடிச்சதுதான் தப்பா?"

இந்த இடத்தில் 'எனக்கென்ன தெரியும், நான் வெல்டரா?' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவனை அனுப்பியிருக்கலாம். ஆனால் எக்ஸ்ரேவிடம் ஒருவன் வந்து தன் தப்பு எது என்று கேட்டால், சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. இல்லாத தப்பாக இருந்தால் கூட.

"நேராப் பிடிச்சா சூடு ரெண்டு பக்கமும் போகும்னு நினைச்சுக்கிட்ட. போகல பாரு. வளைவுப் பக்கமா சாய்ச்சுப் பிடிக்கணும். நல்லாவே சாய்க்கணும்."

"எவ்வளவு மச்சான்?"

எக்ஸ்ரே ஒரு பேனாவை எடுத்துச் சாய்த்துக் காட்டினார். நூல் அந்தப் பேனாவை வாங்கித் தானும் சாய்த்துப் பார்த்தான். "ரொம்ப நன்றி மச்சான். பட்டறையில யாரும் இவ்வளவு விவரமா சொல்ல மாட்டாங்க" என்றான். அவன் படி இறங்கும்போது எக்ஸ்ரே கூப்பிட வாயைத் திறந்தார். அந்தச் சமயம் பார்த்துத் தங்கை தட்டோடு ஏறி வந்தாள், வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம் தினமும் வீட்டுக் கொல்லையிலிருந்து வெல்டிங் சத்தம் கேட்டது. தங்கை நகை ஒன்றைக் கொடுத்து ஒரு மிஷின் வாங்கித் தந்திருந்தாள். கடை வேலை முடிந்து வந்ததும் துண்டுப் பைப்பை வைத்து நூல் பழகினான். பதினைந்து வருஷமாக நேராகப் போய்ப் பழகிய கையைச் சாய்க்கப் பழக்குவது லேசில்லை. தானாக நிமிரும். மறுபடி சாய்ப்பான். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் அவன் மணிக்கட்டு தெரியும். எக்ஸ்ரே ஜன்னலைச் சாத்திக்கொள்வார்.

பத்து மாதம் போயிற்று. அந்தப் புது வெல்டர் வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். மேனேஜருக்கு நூலின் நினைவு வந்தது. அவர் மோசமான மனிதர் இல்லை. நூலைக் கூப்பிட்டு விட்டார். "ஒரே ஒரு ஜாயிண்ட் போட்டுக் காட்டு. இது பாஸ் ஆச்சுன்னா பழசையெல்லாம் மறந்துடலாம். நேரா பர்மனென்ட். ஃபெயில் ஆச்சுன்னா இனிமே நானே நினைச்சாலும் முடியாது, பாத்துக்க."

நூல் பத்து மாதம் பழகிய கையோடு வந்தான். வளைவுப் பக்கமாக டார்ச்சை நன்றாகச் சாய்த்துப் பிடித்தான். முடித்துவிட்டு எழுந்து, ஓரமாகப் போய் நின்றான். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. இந்தத் தடவை சொன்னபடி செய்துவிட்டோம் என்கிற தெளிவு.

எக்ஸ்ரே அன்றைக்கு ஸ்டோரில் சீட்டெழுதி, சரியான கட்டையை வாங்கி, ஒன்றுக்கு மூன்று தடவை பழக்கினார். இது நன்றாக வந்துவிட வேண்டும் என்று அவர் மனதார விரும்பினார். அதில் பொய் இல்லை. பாஸ் எழுதிவிட்டால் எல்லாம் நேராகிவிடும், யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. ஜெல்லைத் தடவி ப்ரோப்பை வைத்தார்.

நேர்ப் பைப் இருக்கும் பக்கம், வெல்டிங்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு. டார்ச்சை ஒரு பக்கம் அவ்வளவு சாய்த்தால் மறுபக்கச் சுவருக்குச் சூடு போகாது. எந்த வெல்டருக்கும் தெரியும், நூலுக்கே பத்து மாதம் முன்னால்வரை தெரிந்திருந்த விஷயம். இந்தக் கோடு ஒழுங்காக இல்லை. ஒரு இடத்தில் ஆழமாக, ஒரு இடத்தில் இல்லாமல், மறுபடி ஆழமாக. நிஜமான குறை இப்படித்தான் இருக்கும்.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது தடவை வைத்தார். நான்காவது தடவை வைக்கும்போது மேனேஜர், "என்ன சார், ஒரு ஜாயிண்டுக்கு இவ்வளவு நேரம்?" என்றார். வேகத்தைக் கொஞ்சம் மாற்றிவிட்டால் கோட்டை நகர்த்தி வேறு எங்காவது வைத்துவிடலாம், அந்த வித்தை இப்போது அவருக்கு அத்துப்படி. தங்கையை நினைத்துக்கொண்டார். அப்புறம் அறிக்கையின் அடியில் இருக்கப்போகும் தன் கையெழுத்தையும் நினைத்துக்கொண்டார். நாளைக்கு நூலின் இதே கை அமிலப் பைப்பை ஒட்டும். அது ஒழுகினால் முதலில் தேடுவது அந்தக் கையெழுத்தைத்தான். ரிஜெக்ட் என்று எழுதினார். அந்த ஒரு வருஷத்தில் நூலுக்கு அவர் எழுதிய நியாயமான அறிக்கை அதுதான்.

நூல் படத்தைக் கூடக் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் மத்தியானம் தங்கை தட்டோடு மாடிக்கு வந்தாள். எதிரில் உட்கார்ந்தாள். எக்ஸ்ரே அவள் அழுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்திருந்தார். இரண்டுக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். அவள் இரண்டும் செய்யவில்லை.

"அவருக்கு உன் மேல வருத்தமே இல்லண்ணா. மச்சான் எவ்வளவோ சொல்லிக்குடுத்தார், என் கைதான் கேக்கலன்னு சொல்றார். நேத்தைலேருந்து அந்தக் கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்."

எக்ஸ்ரே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றாள். "நீ என்கிட்ட மழுப்பாம சொல்லு. நான் அவரைக் கட்டிக்கிட்டதே அந்தக் கையைப் பாத்துத்தான். ஊரே அவர் வேலையைப் புகழ்ந்துச்சு. ஆனா உள்ளே என்ன இருக்குன்னு பாத்தவன் நீ ஒருத்தன்தான். எப்பவாவது, ஒரு தடவையாவது, அவர் நல்லாப் போட்டிருக்காரா? ஆமான்னு நீ சொன்னா, நான் எப்படியாவது அவரைத் தேத்தி மறுபடி பழைய மாதிரியே போடச் சொல்லுவேன். கடைசிவரைக்கும் கூட நிப்பேன்."

பழைய மாதிரி. அந்த ஒரு வார்த்தை போதும். 'பழைய மாதிரியே போடச் சொல்லு' என்று சொல்லியிருந்தால், காரணம் எதையும் சொல்லாமலே அந்தக் கையை அவர் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எக்ஸ்ரேவுக்கு அது புரிந்தது. அவர் மூளையில் குறை எதுவும் இல்லை. ஆனால் பழைய மாதிரி நன்றாகத்தான் போட்டான் என்றால், அப்புறம் ஏன் பதினான்கும் போயிற்று என்று அவள் கேட்பாள். அவள் விட மாட்டாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"இல்லம்மா," என்றார். "எப்பவும் சுமார்தான். நீ மனசு கஷ்டப்படுவியேன்னுதான் இத்தனை வருஷம் சொல்லல."

தங்கை தலையை ஆட்டினாள். 

"நீயாவது உண்மையைச் சொன்னியே," என்றாள். தட்டில் குறைந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டுக் கீழே போனாள்.

அந்த வாரமே கொல்லையில் இருந்த மிஷினை விற்றுவிட்டார்கள்.